பழைய மருந்துக்கடையிலிருந்து இருநூறு தெற்கே

யோர்லெனியின் அழைப்பு வந்தபோது நான் சௌசௌவைத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். அதன் பால் கையில் பசைபோல ஒட்டும், போனை எடுத்தால் போனிலும் ஒட்டும். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"டோன்யா ஸினியா, என் ஆளு ஒரு சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கறான்."

"எந்தச் சுவரு?"

"அது தெரிஞ்சா உங்களுக்கு ஏன் போன் போடறேன்? பழைய சோலானோ மருந்துக்கடையிலேருந்து இருநூறு தெற்கே, அம்பது கிழக்கே, பச்சை கேட்டு வீடு. உங்க சேன்யாஸ்ல தட்டுனா புள்ளி வருது. மீனோர் அங்க போறான். பாத்தா ஏதோ கெடங்கோட பின்சுவரு. அவன் பையில இன்சுலின் இருக்கு. அந்த வீட்டம்மா ஊசி வரட்டும்னு காலையிலேருந்து சாப்பிடாம ஒக்காந்திருக்கு. இந்த வாரத்துல இது மூணாவது தடவ, சொல்லிட்டேன்."

யோர்லெனி நான்கு மோட்டார் சைக்கிள்களை வைத்து வீடு வீடாக மருந்து அனுப்புகிறவள். சத்தம் போட்டுப் பேசுவாள், ஆனால் பொய் சொல்லமாட்டாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். சோலானோ மருந்துக்கடை எங்கே இருந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது வங்கி இருக்கும் முனை. மீனோரை அங்கே போய், அங்கிருந்து எண்ணிக்கொண்டு நடக்கச் சொன்னேன். ஆறு நிமிடத்தில் யோர்லெனி மறுபடி அழைத்து வீடு கிடைத்துவிட்டது என்றாள். நன்றியெல்லாம் இல்லை.

"உங்க வாயில இருக்கறது ஏன் உங்க மெஷின்ல இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கும் அதுதான் புரியவில்லை. கையில் சௌசௌப் பால் காய்ந்து தோலை இழுத்தது.

எங்கள் எரேதியாவில் தெருக்களுக்கு எண் உண்டு, நகராட்சி பலகைகூட நட்டிருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லி வழி கேட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். நாங்கள் முகவரி சொல்வது ஏதாவது ஒன்றிலிருந்து. தேவாலயத்திலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து, பாதிக்குமேல் இடித்துத் தள்ளிய ஏதோ ஒன்றிலிருந்து. நூறு மீட்டர் என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை. நாடா பிடித்து அளந்தால் எண்பதும் இருக்கும், நூற்றிருபதும் இருக்கும், அதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. வெட்டிச் சாய்த்து முப்பது வருடமான ஓர் அத்திமரத்தின் பெயரில் இன்னும் மின்சார ரசீது வந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் உலகத்து வரைபடத் தளங்களில் போட்டுத் தேடினால், கொலம்பியாவில் யாரோ நடத்தும் மருந்துக்கடையைக் காட்டும்.

அதற்காகத்தான் சேன்யாஸ் செய்தோம், அடையாளங்கள் என்று அர்த்தம். பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன ஆட்-ஆன். எந்தப் பக்கத்தில் முகவரி இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுத்துத் தட்டினால், ஓரத்தில் வரைபடம் திறந்து சிவப்புப் புள்ளி வைக்கும். கூடவே ஒரு இணையதளம். ஒன்பது வருடமாக நடக்கிறது, பதினோராயிரம் பேர் வைத்திருக்கிறார்கள். நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் ஊராரின் புகார்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த நான், நாற்பத்தேழு வயதில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு செய்தது. முதன்முதலில் வெளியிட அனுப்பியபோது ஆட்-ஆன் கடையிலிருந்து சரிபார்க்கிற ஆள் ஒருவர் எழுதியிருந்தார்: உங்கள் தேடல் இல்லாத கட்டடங்களைக் காட்டுகிறது, விளக்கவும். இருக்கிற கட்டடத்தை எதற்கு ஐயா தேட வேண்டும் என்று பதில் போட்டேன். என்ன நினைத்தாரோ, அனுமதித்துவிட்டார்.

நிரல் என்னுடையது, புள்ளிகள் எலாதியோவுடையவை. எலாதியோ என் கணவன். முப்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் தபால் கொடுத்தவன். எங்கள் தளத்தில் யார் வேண்டுமானாலும் பழைய இடம் ஒன்றைப் பரிந்துரைக்கலாம். அது அவன் பக்கத்துக்குப் போகும். அவன் வரைபடத்தில் புள்ளியை இழுத்து வைத்து 'சரி' என்று அழுத்தினால்தான் ஆட்-ஆனுக்கு வரும். இரண்டாயிரத்து நானூறு இடங்கள் அப்படி வந்தவை. கடைகள் இங்கே சும்மா இருப்பதில்லை, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் குடிபெயரும். எந்த முனையைச் சொல்லி ஊர் பேசுகிறது என்பது எலாதியோவுக்குத்தான் தெரியும். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு புள்ளிக்கு இருபது விநாடிக்குமேல் எடுத்துக்கொள்ளமாட்டான். ஓய்வு பெற்ற பிறகு கால் மூட்டு வலியில் வெளியே நடப்பது குறைந்துவிட்டது. அந்த மேசையில்தான் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

புகார்கள் எல்லாம் ஜூனுக்குப் பிறகு. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஜூனில்தான் பிரவுசர்காரர்கள் விதிகளை மாற்றினார்கள் என்று மொத்த ஆட்-ஆனையும் பிரித்துப்போட்டு மறுபடி எழுதினேன். நாலாயிரம் வரி. அதில் எங்கோ தப்பு செய்திருக்கிறேன், கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி. பதினோரு நாள் தேடினேன். தசம எண்களை எங்காவது வெட்டிவிட்டேனா, பழைய வரைபடம் எங்காவது தங்கிவிட்டதா, சர்வரில் இரண்டு பட்டியல் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் இன்னொரு வழியும் இருந்தது. எந்தப் புள்ளியை யார், எப்போது, எங்கிருந்து எங்கே நகர்த்தினார்கள் என்று ஒரு பதிவு உண்டு, நானே எழுதி வைத்தது. அதைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் திறக்கவில்லை. பிழை என்னுடையதாக இருந்தால் திருத்திவிடலாம். எலாதியோவுடையதாக இருந்தால் என்ன செய்வது? அதற்குமேல் யோசிக்காமல் மறுபடி முதல் வரியிலிருந்து நிரலைப் படித்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பிழை கிடைத்தது. முகவரியில் மேற்கு என்பதைச் சுருக்கி எழுதி, அதற்கு முன்னால் எழுபத்தைந்து என்று இருந்தால், என் நிரல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நாற்காலியைவிட்டு எழுந்து கைதட்டினேன். தன் தப்பைக் கண்டுபிடித்து இத்தனை சந்தோஷப்பட்டவள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முனைக் கடைக்குப் போய் ஆரஞ்சு கேக் வாங்கி வந்தேன்.

"என்ன விசேஷம், குண்டம்மா?" என்றான் எலாதியோ.

"ஒரு தப்பு பண்ணியிருந்தேன். கண்டுபிடிச்சிட்டேன்."

"தப்பு பண்ணா கேக்கா? தபாலாபீசுல இப்படி இருந்திருந்தா நான் இருநூறு கிலோ இருந்திருப்பேன்."

இரண்டு துண்டு சாப்பிட்டான். சட்டையில் விழுந்த துகளைப் பொறுக்கித் தின்றான். அவனிடம் ஒரு மாற்றமும் இல்லை. அடுப்பை அணைக்க மறப்பதில்லை, ரத்த அழுத்த மாத்திரையை மறப்பதில்லை, எதிர்வீட்டு நாயின் பிறந்தநாள் வரை சொல்வான். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. நல்லா இருக்கிற மனுஷனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று இருந்தது.

திருத்திய பதிப்பை அனுப்பினேன், கடை இரண்டு நாளில் வெளியிட்டது. மூன்றாம் நாள் யோர்லெனி அழைத்தாள்.

"மறுபடியும் சுவரு. ஒரு வார்த்த கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இந்தப் புள்ளியெல்லாம் யாரு சரி பாக்கறது?"

"ஒரு ஆள் இருக்கார்."

"அந்த ஆளத் தூக்கிருங்க. நாட்டுக்கு நல்லது."

பேசி முடித்துவிட்டுப் பதிவைத் திறந்தேன்.

புகார் வந்தவை பதினான்கு புள்ளிகள். பதினான்கையும் நகர்த்தியது எலாதியோ. ஐந்து, புதிதாக வந்த பரிந்துரைகள். மற்ற ஒன்பது, பல வருடங்களாகச் சரியான இடத்தில் இருந்தவை. யாரும் கேட்காமல் அவனாகவே போய் இடம் மாற்றியிருக்கிறான். சோலானோ மருந்துக்கடையை ஆகஸ்ட் பதினாறாம் தேதி மூன்று தெரு மேற்கே கொண்டுபோயிருக்கிறான். இருபது விநாடியில் இல்லை. பதினெட்டு நிமிடம். வைத்தான், எடுத்தான், பழைய இடத்திலேயே வைத்தான், மறுபடி எடுத்தான். காலை பத்து மணிக்கு நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்திருப்பேன், அவன் மேசையில் இது நடந்திருக்கிறது. திரையில் அந்த வரிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஏதோ ஒரு கணக்கு இருக்கும், இல்லாமல் இவன் இப்படிச் செய்யமாட்டான் என்று தோன்றியது.

மறுநாள் காலை, மழை வருவதற்கு முன், அவன் புள்ளி வைத்த முனைக்குப் போனேன். கார் நிறுத்துமிடம். சுவர் ஓரமாக ஒரு பெண் லாட்டரிச் சீட்டுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். ஃப்ளோரி என்று பலகையிலேயே எழுதியிருந்தது. ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு, சோலானோ மருந்துக்கடை எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"பாங்கு இருக்குல்ல, அங்க. எல்லாருக்கும் தெரியுமே."

"இங்க இருந்ததில்லையா?"

"இங்கயா? இங்க இருந்தா நான் தலவலி மாத்திரைக்கு அவ்ளோ தூரம் ஏன் நடக்கறேன்?" என்று சிரித்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டு சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "இருங்க. இருந்துச்சு. தொண்ணூத்தொண்ணுல நெலம் ஆடுச்சே, அப்ப இந்தப் பக்கம் விரிசல் விட்டுச்சு. அதுக்கப்புறந்தான் சோலானோ கெழவரு பாங்கு முனைக்குப் போனாரு. எங்கம்மா இங்கதான் வாங்குவாங்க. அட, இத எப்படி மறந்தேன்! உங்களுக்கு யாரு சொன்னா?"

"எங்க வீட்டுக்காரர்."

"நல்ல ஞாபகம் அவருக்கு," என்றாள்.

அந்த வார்த்தையை அப்படியே கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தப்பில்லை. அவன் தப்பே செய்யவில்லை, நாங்கள் எல்லோரும் மறந்ததை நினைவில் வைத்திருக்கிறான். யோர்லெனிக்கு வேண்டியது கடைசியாகக் கடை இருந்த முனை, இவன் தருவது அதற்கு முந்திய முனை, அவ்வளவுதான். இதை நிரலில் தீர்த்துவிடலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் 'எந்த வருடம் வரை' என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். புதிய முனையும் இருக்கும், பழையதும் இருக்கும், தேடுகிறவருக்குப் புதியது முதலில் வரும். எலாதியோவின் புள்ளி ஒன்றைக்கூட அழிக்க வேண்டாம். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். நன்றாக வந்தது.

கட்டம் தயாரானதும் வருடங்களை நிரப்ப வேண்டியிருந்தது. நகராட்சியில் கூட வேலை பார்த்தவர்களுக்குப் போன் போட்டேன், பழைய தண்ணீர் இணைப்புப் பட்டியலைப் பார்த்தேன். மூன்று நாளில் பதினான்கு கடையும் எந்த வருடம் இடம் மாறியது என்று தெரிந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, எலாதியோ நகர்த்திய தேதி வரிசையில் பட்டியலை அடுக்கினேன்.

ஜூனில் அவன் நகர்த்தியவை, இரண்டாயிரத்து ஆறு வரை கடை இருந்த முனைகளுக்கு. ஜூலையில் நகர்த்தியவை தொண்ணூற்றொன்பது வரை. ஆகஸ்டில் தொண்ணூற்றொன்று. செப்டம்பரில் தொண்ணூறு. இந்த அக்டோபரில் இதுவரை இரண்டு, ஒன்று எண்பத்தொன்பது, இன்னொன்று எண்பத்தெட்டு.

கீழே இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டு புள்ளிகள் மட்டும் வரிசைக்குப் பொருந்தவில்லை, ஜூலையில் ஒரு எண்பத்தைந்து, செப்டம்பரில் ஒரு இரண்டாயிரத்து இரண்டு. அந்த இரண்டையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பொருந்தவில்லை என்றால் மற்றதும் தற்செயலாக இருக்கலாம் இல்லையா? கடைகள் எப்போதோ மாறியவை, எந்தக் கடையின் பரிந்துரை எந்த மாதம் வரும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் ஒன்பதை அவனே தேடிப்போய் நகர்த்தியிருக்கிறானே. ஒருவேளை வேண்டுமென்றே பழசைத் தோண்டிக்கொண்டு போகிறானோ, பொழுதுபோகாமல்? எந்தப் பக்கம் யோசித்தாலும் பாதி வழியில் பாதை நின்றுவிட்டது.

எலாதியோவை நான் சந்தித்தது எண்பத்தேழு ஆகஸ்டில்.

அந்தக் கணக்கை நான் போட வேண்டும் என்று போடவில்லை, அதுவாக வந்து நின்றது. எண்பத்தேழுக்கு முன்னால் அவனுடைய எரேதியாவில் நான் இல்லை. இந்தப் பட்டியல் இப்படியே இறங்கினால் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ அங்கே வந்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது. வெளிப்படையாகச் சொன்னால், அவனுக்கு என்ன ஆகிறது என்ற பயத்தைவிட, நான் என்ன ஆவேன் என்ற பயம்தான் முதலில் வந்தது.

மூன்று மணிக்கு வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டும்போது கத்திப் பேச வேண்டும். காப்பி வடித்து, ரொட்டியும் பாலேடும் எடுத்து வைத்தேன். எலாதியோ மடிக்கணினியை ஓரமாக நகர்த்திவிட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"சோலானோ மருந்துக்கட எங்கடா கிழவா இருந்தது?" என்று, ரொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எங்க இருந்தது? இருக்கற எடத்துல இருந்தது. கார் நிறுத்தற எடத்துல."

"பாங்கு முனையில இல்ல?"

"பாங்கு முனையில..." என்றான். கோப்பையைக் கீழே வைத்தான். "பாங்கு முனையிலயும் ஒண்ணு இருந்தது. அதுவும் அவருதுதானே? ஏன், நான் வச்சது தப்பா?"

"தப்பில்ல. சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேக்கற ஆளா? தண்ணி ஆபீசுல குப்ப கொட்டுனவ நீ. சும்மா ஒரு கேள்வி கேட்டதில்ல."

மழை கொஞ்சம் தணிந்தது. அவன் கத்தியால் பாலேட்டை ரொட்டியில் தடவிக்கொண்டே இருந்தான், ஓரம் வரை தடவியும் நிறுத்தவில்லை.

"ஸினியா," என்றான். குண்டம்மா இல்லை, ராணி இல்லை, பெயர். "உன் மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கு. உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல. நான் வச்ச புள்ளி ஒரு எடம், கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா வேற எடத்துல இருக்கு. பேரு என் பேருதான், தேதிகூடப் போட்டிருக்கு. ஆனா நான் அங்க வச்சிருக்க மாட்டேன். எனக்குத் தெரியாதா? அதான் திருப்பித் திருப்பிச் சரி பண்ணிக்கிட்டிருக்கேன். ஜூன்ல நீ எல்லாத்தையும் மாத்துனியே, அதுலேருந்துதான். அதுல வந்த தப்புதானே இது?"

நான் மூன்று வாரமாக, அவன் நான்கு மாதமாக, இருவரும் ஒரே இடத்தில்தான் பிழையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். அவன் என் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பதினான்காம் தேதி அவனுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற நாள், அங்கே டாக்டரிடம் இதைச் சொல்லலாம், அதற்கு முதலில் அவனிடம் சொல்ல வேண்டும். இதெல்லாம் மனதில் ஓடியது.

"ஆமா," என்றேன். "என் தப்புதான். சரி பண்றேன்."

"பாத்தியா," என்று தோள்கள் இறங்க மூச்சு விட்டான். "போ, உனக்கு கேக் வாங்கிக் குடுக்கணும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. எந்தப் பதிப்பையும் சோதனை எழுதாமல் நான் வெளியே அனுப்பியதில்லை. சரியான விடை எனக்குத் தெரிந்த ஒரு முகவரியைக் கொடுத்து, நிரல் எங்கே போகிறது என்று பார்ப்பேன். மனிதரிடம் அதைச் செய்வது அசிங்கம் என்று தெரியும். தெரிந்தே செய்தேன். மறுநாள் காலை என் அறையில் உட்கார்ந்து, இல்லாத ஒருவரின் பெயரில், எங்கள் தளத்தில் ஒரு பரிந்துரை எழுதினேன்: பழைய குவாரியா சாப்பாட்டுக்கடை.

எண்பத்தேழில் நான் அங்கே கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆகஸ்ட் மாதம், நனைந்த சட்டையோடு ஒரு தபால்காரன் உள்ளே வந்து, 'குவாரியாவிலிருந்து எழுபத்தைந்து வடக்கே' என்று எழுதிய கடிதத்தைக் காட்டி, அந்த வீட்டில் யாருமே இல்லையே என்று கேட்டான். எழுபத்தைந்து என்றால் முக்கால் தெரு. முக்கால் தெருவை அவன் இரண்டு தடவை நடந்திருந்தான். அந்த வீட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வருவார்கள் என்று நான் சொன்னேன். அவன் வியாழக்கிழமையே வந்தான். கடை எண்பத்தேழில் திறந்தது, தொண்ணூற்றிரண்டில் மூடியது, இடம் மாறவே இல்லை. அதற்கு முன்னால் அங்கே செருப்புக்கடை இருந்ததாகச் சொல்வார்கள்.

பதிவைத் திறந்து வைத்துக்கொண்டேன். பத்து பதினைந்துக்கு அவன் பரிந்துரையைத் திறந்தான். கதவு திறந்துதான் இருந்தது, அவன் செருமுவது கேட்டது. முதல் வரி வந்தது: வைத்தான். எங்கே வைத்தான் என்று எண்களைப் பார்ப்பதற்குள் இரண்டாவது வரி: எடுத்தான். பிறகு வைத்தான். எடுத்தான். ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. செருப்புக்கடை என்று எழுதித் தள்ளிவிடுவானோ, 'அப்படி ஒரு இடம் இருந்ததில்லை' என்ற பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதை அழுத்துவானோ என்று திரையின் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொத்தானைச் செய்து வைத்ததும் நான்தான்.

"குண்டம்மா! இங்க வா."

போனேன். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. திரையில் எங்கள் பழைய பேட்டை, நான்கு தெருக்கள், நடுவில் சிவப்புப் புள்ளி அவன் கையோடு மிதந்துகொண்டிருந்தது.

"யாரோ ஒருத்தன் குவாரியாவக் கேக்கறான் பாரு," என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "உன் கட! நீ மஞ்ச ஏப்ரன் கட்டிக்கிட்டு, மூக்கு மேல மாவோட ஒக்காந்திருந்த. நான் உள்ள வரேன், தரையெல்லாம் தண்ணி, நீ மொதல்ல என் செருப்பத்தான் பாத்த, மொகத்தப் பாக்கல. சொல்லு, இல்லையா?"

"ஆமா," என்றேன். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாம் இருக்கு. நீ இருக்க, அந்தக் கடிதாசி இருக்கு, கடிதாசியில கோணல் கையெழுத்து இருக்கு." சிரிப்பு மெல்ல வற்றியது. திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். "எடந்தான் வரமாட்டேங்குது, ஸினியா. இங்க வச்சா இங்க இல்லங்குது. அங்க வச்சா அங்கயும் இல்லங்குது. நான் எந்தப் பக்கத்துலேருந்து உள்ள வந்தேன்?"

அவன் கைக்குமேல் என் கையை வைத்தேன். மவுஸ் சூடாக இருந்தது. இது எனக்குத் தெரியும், அஞ்சு வருடம் காலையும் மாலையும் நடந்த தெரு. புள்ளியை வடக்கு வரிசைக்குக் கொண்டுபோனேன். கல்லாவுக்கு நேரே வாசல், வாசலில் மழை, மழைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடச் சுவர். பள்ளிக்கூடம் தெருவுக்குத் தெற்கேயா? அப்படியென்றால் கடை இந்த வரிசை. ஆனால் சாயங்கால வெயில் என் கண்ணில் அடிக்குமே, முட்டைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து ஜன்னலில் சொருகி வைப்பேனே, அப்போது வாசல் மேற்குப் பார்த்து இருந்திருக்க வேண்டும். புள்ளியை முனைக்கு இழுத்தேன். முனையில் செருப்புக்கடை இருந்த இடமா, அதற்கு அடுத்ததா?

"இங்கயா?" என்றான் எலாதியோ.

"இரு."

"தெரியுமா தெரியாதா உனக்கு?"

"இருடா கிழவா, பாக்கறேன்."

முனைத் தெருவில் யோர்லெனியின் ஆட்களில் ஒருவனோ யாரோ, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹாரனை இரண்டு முறை அடித்தான். நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் கைமேல் என் கை, இரண்டுக்கும் அடியில் அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளி, ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.